ஒரு சென்டிமீட்டரின் சுருதி

தெற்குக் கொல்கத்தாவில் வடக்கே சதர்ன் அவென்யூவும் தெற்கே புறநகர் ரயில் பாதையும் கிழக்கே டாக்குரியாவும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் 73 ஏக்கருக்கு நீர் விரிந்து கிடக்கிறது. 1920களில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் இங்கிருந்த சதுப்பு நிலத்தைக் கையகப்படுத்தி வெட்டிய ஏரி இது. 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் சூட்டினார்கள். ஆனாலும் டாக்குரியா லேக் என்ற பழைய பெயர் பேச்சிலிருந்து போகவில்லை. லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கு அது வெறும் 'லேக்'. கரையோரமாகப் படகுக் கிளப்புகள் இருக்கின்றன. 1858இல் தொடங்கிய கல்கத்தா ரோயிங் கிளப், ஹூக்ளி ஆற்றை விட்டு இந்த ஏரிக்கு இடம்பெயர்ந்தது. பெங்கால் ரோயிங் கிளப்பும் 1932இல் பிறந்த லேக் கிளப்பும் இங்கேயே வேர்விட்டன. ஓதம் ஏறி இறங்கும், கப்பல் போக்குவரத்து ஓயாத ஆற்றில் பழகிய ஒரு கலை அசையாத நீருக்கு வந்ததும் அதன் கணக்கே மாறிப்போனது. ஆற்றில் படகு தாமதித்தால் நீரோட்டத்தின் மீது பழி போடலாம். ஏரியில் அந்தச் சாக்கு கிடையாது. படகு மெதுவாகப் போகிறதென்றால் காரணம் படகில் இருக்கிறது, இல்லாவிட்டால் அதில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கிறது.

அந்தத் தொடும் இடத்துக்கு ரோயிங்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ரிக்கிங். துடுப்பு எவ்வளவு நீளம், அது மாட்டியிருக்கும் கேட் இருக்கையிலிருந்து எவ்வளவு உயரம், படகின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, பிளேடு நீருக்குள் எந்தச் சாய்வில் இறங்குகிறது, கால்பலகை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றையும் ஓட்டுபவரின் உடம்புக்குத் தக்கபடி அமைத்துக்கொள்ளும் வேலை அது. கரையில் நிற்பவர்கள் பார்ப்பது கடைசி நூறு மீட்டரில் தெறிக்கும் தண்ணீரையும் புடைக்கும் தோள்களையும். அதைப் பார்த்துவிட்டு ரோயிங் என்பது பலத்தின் விளையாட்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ரேஸ் படகின் வேகம் பொருத்தத்தில்தான் இருக்கிறது. அந்தப் பொருத்தம் கலை என்று அழைக்கத் தகுந்த அளவுக்கு நுட்பமானது. கச்சேரிக்கு முன்னால் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள், படகுக் கொட்டகையில் ஸ்பானரோடு குனிந்திருப்பவரையும் அதே கவனத்தோடு பார்க்கலாம்.

இதை விளங்கிக்கொள்ள எதிர்த்திசையில் போன ஒரு கலையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். பாய்மரப் படகு உலகில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேச்செல்லாம் ஹைட்ரோஃபாயிலைப் பற்றித்தான். மாத் என்ற சிறு படகை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே கால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம். அடியில் மெல்லிய தண்டுகளின் முனையில் சிறகுகள். காற்று போதுமான அளவு அடித்தால் சிறகுகள் படகை முழுசாக நீருக்கு மேலே தூக்கிவிடும். முகப்பில் தொங்கும் ஒரு குச்சி நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டே வந்து, படகு எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதைக் கீழே இருக்கும் சிறகின் மடலுக்குத் தெரிவிக்கிறது. உயரம் கூடினால் மடல் நிமிர்ந்து தூக்கலைக் குறைக்கும், குறைந்தால் தணிந்து தூக்கலைக் கூட்டும். அந்தக் குச்சியின் நீளத்தையும் இணைப்பின் இறுக்கத்தையும் சரிசெய்வதிலேயே மாத் ஓட்டுபவர்களின் பாதி வாழ்க்கை போகிறது. 2013ஆம் ஆண்டு அமெரிக்காஸ் கோப்பையில் பிரம்மாண்டமான படகுகளே இப்படிப் பறந்தன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபாயிலில் ஓடும் பல வகைகள் இடம்பெற்றன. அங்கே வைக்கப்பட்ட கேள்வி 'நீரின் இழுவையிலிருந்து எப்படித் தப்புவது' என்பது. நீரை விட்டு எழுந்துவிடுவது என்று பதிலும் கிடைத்துவிட்டது.

துடுப்புப் படகுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. மனித உடம்பால் பறக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. 1991 அக்டோபரில் பாஸ்டனின் சார்ல்ஸ் ஆற்றில், எம்.ஐ.டி. குழு உருவாக்கிய டெக்காவிடேட்டர் என்ற ஹைட்ரோஃபாயில் படகில் மார்க் ட்ரெலா பெடல் மிதித்து, 100 மீட்டரை 18.5 நாட் வேகத்தில் கடந்தார். எட்டு பேர் இழுக்கும் உலகச் சாதனைப் படகைவிட இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம். ஆனால் அதற்குப் பெடலும் காற்றில் சுழலும் பெரிய விசிறியும் வேண்டியிருந்தன; தூரமும் 100 மீட்டர்தான். துடுப்பை இழுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் உந்துவிசை அறுந்துபோகும் ரோயிங் படகு, 2000 மீட்டர் முழுக்க நீரோடு ஒட்டியே போயாக வேண்டும். தப்பிக்க வழியில்லாதவர்கள் உடன்பாடு செய்துகொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள். ரோயிங் படகின் ஒவ்வொரு வளைவும் அளவும் நீரோடு செய்துகொண்ட உடன்பாடு. அதனாலேயே அதன் நுணுக்கம் கண்ணுக்குச் சட்டென்று படுவதில்லை. பறக்கும் படகு தன் வித்தையைப் பட்டப்பகலில் காட்டுகிறது. இது தன் வித்தையை நீர்க்கோட்டுக்குக் கீழே வைத்திருக்கிறது.

ஒற்றை ஆள் ஓட்டும் ஸ்கல் படகு எட்டு மீட்டருக்கு மேல் நீளம். நீர்க்கோட்டில் அகலம் ஒரு முழம்கூட இருக்காது. உலக ரோயிங் விதிப்படி குறைந்தபட்ச எடை 14 கிலோ, கடையில் தூக்கி வரும் 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் குறைவு. இவ்வளவு ஒல்லியான உடம்பு அலை எழுப்பி ஆற்றலை வீணாக்குவது குறைவு. அதைப் பின்னுக்கு இழுப்பதில் பெரும்பங்கு நீர் தோலோடு உராய்வதுதான். இந்த உராய்வு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே தேவைப்படும் ஆற்றல் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தன் பலத்தைப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டால் கிடைக்கும் வேகம் மூன்று சதவீதம்தான். இதைவிடத் துலக்கமான சான்று 1971இல் தாமஸ் மக்மஹோன் 'சயன்ஸ்' இதழில் எழுதிய சிறு கட்டுரையில் இருக்கிறது. ஒரே வடிவிலான படகுகளில் ஆட்களின் எண்ணிக்கை கூடக்கூட வேகம் அந்த எண்ணின் ஒன்பதாவது மூலத்துக்கு ஏற்பத்தான் கூடும் என்று அவர் காட்டினார். எட்டின் ஒன்பதாவது மூலம் சுமார் 1.26. அதாவது எட்டு பேரின் தசையைச் சேர்த்துக் கட்டினாலும் ஒருவரைவிடக் கால் பங்குதான் விரைவு. சாதனைப் பட்டியலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: ஆண்கள் எண்மர் படகில் 2017இல் ஜெர்மனி எடுத்த நேரம் 5 நிமிடம் 18.68 வினாடி, அதே ஆண்டு நியூசிலாந்தின் ராபி மேன்சன் தனியாக எடுத்தது 6 நிமிடம் 30.74 வினாடி. பலத்தைக் கொட்டினால் நீர் இவ்வளவு கஞ்சத்தனமாகத்தான் திருப்பிக் கொடுக்கிறது. பலத்துக்கு இவ்வளவு குறைந்த விலை கிடைக்கும் சந்தையில் பொருத்தத்துக்கு மதிப்பு ஏறுவது இயல்பு.

அந்தப் பொருத்தத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஸ்கல் படகின் இரு புறமும் ரிக்கர் என்ற அலுமினிய அல்லது கார்பன் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் முனையில் செங்குத்தான பின், பின்னில் சுழலும் கேட், கேட்டுக்குள் துடுப்பு. ஒரு பின்னிலிருந்து எதிர்ப் பின் வரையுள்ள இடைவெளி ஏறத்தாழ 160 சென்டிமீட்டர். துடுப்பின் மொத்த நீளம் 288 சென்டிமீட்டர் வாக்கில். அதில் இன்போர்டு எனப்படும் கைப்பக்கம் 88. இடைவெளியில் பாதியோடு எட்டு சேர்த்தால் கைப்பக்க அளவு வரும் என்பது கொட்டகைகளில் புழங்கும் வாய்ப்பாடு. அந்த எட்டுதான் இரண்டு கைப்பிடிகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடப்பதற்குக் காரணம். இடக்கை மேலாகவும் வலக்கை கீழாகவும் கடக்கும்படி பழகியிருப்பதால், இடக்கைத் துடுப்பின் கேட் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு சென்டிமீட்டரை மறந்துவிட்டால் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடும். ஓட்டுபவர் தன் முதுகைக் குறைசொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்வார். முதுகில் குறையே இருக்காது.

பிட்ச் இன்னும் நுண்ணியது. பிளேடு நீருக்குள் செங்குத்தாக நிற்பதில்லை. சுமார் நான்கு டிகிரி சாய்ந்து நிற்கிறது. சாய்வு குறைந்தால் பிளேடு கத்திபோல ஆழத்துக்கு வெட்டிக்கொண்டு போகும். இழுத்து முடிக்கும்போது அதை வெளியே எடுப்பதே பெரும்பாடு. சாய்வு கூடினால் பிளேடு மேலெழும்பி, நீரின் தோலை மட்டும் உரித்துக்கொண்டு வரும். இதைத் திருத்த உலையும் சம்மட்டியும் தேவையில்லை. கேட்டின் மேலும் கீழும் செருகும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் போதும். ஒன்றில் 4-4 என்று எண் பொறித்திருக்கும், இன்னொன்றில் 3-5, அடுத்ததில் 2-6. 3-5 துண்டைத் தலைகீழாகத் திருப்பிச் செருகினால் மூன்று டிகிரி ஐந்தாகிவிடும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு அது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் ஜீவா நூலைத்தான் எனக்கு அது நினைவூட்டுகிறது. நூல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் தந்தி சத்தமிடும், பாடாது. இங்கேயும் அப்படியே: துண்டு சரியான பக்கம் திரும்பியதும் துடுப்பு தானாகவே நீரில் தன் ஆழத்தைக் கண்டுகொள்கிறது, கை அதைத் தாங்க வேண்டியதில்லை, அமுக்கவும் வேண்டியதில்லை. விடுபட்ட அந்தக் கவனம் முழுவதும் இழுப்புக்குப் போகிறது.

இதையெல்லாம் ஒன்றோடொன்று இணைப்பதில்தான் வித்தை இருக்கிறது. 1959 வாக்கில் பரவிய மேக்கன் பிளேடு துலிப் இதழ்போலச் சமச்சீரானது. 1991இல் அமெரிக்காவின் கான்செப்ட் 2 நிறுவனம் ஒருபக்கம் தாழ்ந்த, கசாப்புக் கத்தி வடிவப் பெரிய பிளேடைக் கொண்டுவந்தது. ஓரிரு ஆண்டுகளில் உலகமே அதற்கு மாறியது. பெரிய பிளேடு நீரை நன்றாகப் பிடித்தது உண்மை. ஆனால் பழைய நீளத்திலேயே வைத்து இழுத்தால் பாரம் தாங்காது. துடுப்பைச் சுமார் 7, 8 சென்டிமீட்டர் குட்டையாக்க வேண்டியிருந்தது. நல்ல பிளேடு என்று தனியாக ஒன்று இல்லை. இந்த நீளத்தோடு, இந்த இடைவெளியோடு, இந்த ஆளின் கை எட்டும் தூரத்தோடு சேர்ந்தால்தான் அது நல்லது. ஒரு அளவைத் தொட்டால் மற்ற நான்கும் அசையும். கையேட்டில் இருக்கும் எண்கள் தொடங்குவதற்குத்தான் உதவும். அதற்கப்புறம் காதும் கண்ணும்தான் அளவுகோல்.

காதும் கண்ணும் எதைத் தேட வேண்டும் என்பதற்கும் ஓர் இயற்பியல் அடிப்படை உண்டு, ரோயிங்கில் எனக்கு மிகப் பிடித்த உண்மையும் அதுதான். பார்ப்பவர் நினைப்பது, துடுப்பு நீரை இழுக்கும்போது படகு மிக வேகமாகப் போகிறது என்று. நடப்பது வேறு. துடுப்புகள் வெளியே எடுக்கப்பட்டு, ஓட்டுபவர் நகரும் இருக்கையில் பின்முனைப் பக்கமாக மெல்ல நழுவி வரும்போதுதான் படகின் உடல் உச்ச வேகத்தை எட்டுகிறது. 80 கிலோ உடம்பு ஒரு திசையில் நகர, 14 கிலோ படகு எதிர்த்திசையில் அவருக்கு அடியிலேயே முன்னேறிப் போகிறது. அவர் கால்களை ஊன்றித் திரும்பும் கணத்தில் படகு திடுக்கென்று தயங்குகிறது. இப்படி ஒவ்வொரு இழுப்பிலும் வேகம் ஏறி இறங்குகிறது. இழுவை இருமடியாகக் கூடுவதால் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் நஷ்டக் கணக்கு. 1981இல் மேற்கு ஜெர்மனியின் பீட்டர்-மிக்கேல் கோல்பே இதற்கு ஒரு தீர்வோடு உலகப் போட்டிக்கு வந்தார். இருக்கையை அசையாமல் பொருத்தி, ரிக்கரையும் கால்பலகையையும் நகரும்படி செய்திருந்தார்கள். முழு உடம்புக்குப் பதில் சில கிலோ உலோகம்தான் முன்பின் போனது. படகு தயங்குவது குறைந்தது. அவர் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டுகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதையே வைத்திருந்தார்கள். பிறகு சர்வதேச சம்மேளனம் அதைத் தடை செய்தது. ஏழை நாடுகளால் இந்தச் செலவுப் பந்தயத்தில் ஓட முடியாது என்பது முக்கியக் காரணம். எனக்கு அந்தத் தடை சரி என்றே படுகிறது. ஏனென்றால் இயந்திரம் செய்துகொடுத்ததை மனிதர் தம் உடம்பின் நிதானத்தால் செய்ய வேண்டியிருக்கிறது: மெல்ல வருவது, கால்பலகையின் மீது பாரத்தை அவசரமில்லாமல் ஏற்றுவது, பிளேடை நீரில் வைத்த பிறகே தள்ளுவது. கால்பலகை இரண்டு விரற்கடை தவறி நின்றால் இந்த நிதானம் எவராலும் முடியாது. இங்கேயும் பொருத்தம் இல்லாமல் தேர்ச்சி இல்லை.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் நியாயமானது. மகாராஷ்டிரத்தின் வறட்சிப் பகுதிக் கிராமத்திலிருந்து ராணுவத்தில் சேர்ந்து, 2012இல் துடுப்பைத் தொட்ட தத்து போக்கனல், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13ஆவது இடத்துக்கு வந்தார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். அதற்கு முன் 2010 குவாங்சோவில் ரோயிங்கில் இந்தியாவின் முதல் ஆசியத் தங்கத்தை வென்ற பஜ்ரங் லால் தாக்கரும் பாலைவன ராஜஸ்தானிலிருந்து ராணுவத்துக்குப் போனவர். நெடிய, வலுவான உடம்பு கிடைத்தால் நான்கைந்து ஆண்டுகளில் உலக அரங்குக்கு ஏற்றிவிடலாம் என்றால் இதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். எர்கோமீட்டர் என்ற உள்ளறை இயந்திரம் ஒவ்வொருவரின் பலத்தையும் வாட் கணக்கில் காட்டிவிடுகிறதே, மிச்சம் என்ன? மிச்சம் இருக்கிறது என்பதைப் பயிற்சியாளர்களே தம் நடைமுறையால் ஒப்புக்கொள்கிறார்கள். எர்கோமீட்டர் எண்கள் கையில் இருந்தும் அவர்கள் ஸீட் ரேஸிங் நடத்துகிறார்கள். இரண்டு படகுகளை ஓடவிட்டு, ஒரே ஒரு ஆளை மட்டும் இடம் மாற்றி, மறுபடி ஓடவிட்டு, வித்தியாசத்தை அளக்கிறார்கள். இயந்திரத்தில் பின்தங்கிய ஒருவர் ஏறிய படகு முந்துவது அடிக்கடி நடப்பதால்தான் இந்தச் சோதனை நிலைத்திருக்கிறது. பலம் இல்லாமல் படகில் ஏற முடியாது, சம்மதம். குரல் இல்லாமல் பாடவும் முடியாதுதான். அதற்காகச் சங்கீதம் என்பது குரல்வளையின் கனம் என்று யாரும் சொல்வதில்லை. பாலைவனத்திலிருந்து வந்தவர்கள் நீரில் நிலைத்ததற்கு, அவர்களின் நெடிய கால்களுக்கும் கைகளுக்கும் படகைப் பொருத்திக் கொடுத்த பயிற்சிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது ஆட்சேபம் பணம். ஜெர்மனியின் எம்பாக்கர், இத்தாலியின் ஃபிலிப்பி படகுகளை வாங்க முடிந்தவர் ஜெயிப்பார், ரசனை என்று பெயர் வைத்து நாம் செல்வத்தைப் பாராட்டுகிறோம் என்று. இதில் பாதி உண்மை. கிளப் மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பவர்களே இந்த நகரத்தில் அதிகம் என்பதும் உண்மை, அந்த மதில்களை நான் பாராட்ட வரவில்லை. ஆனால் ரிக்கிங்கின் விசேஷமே அது ஏறக்குறைய இலவசம் என்பது. 10-க்கு 13 ஸ்பானர், அளவு நாடா, ஒரு நூல், மட்டக் கருவி, பொறுமை. இருபது ஆண்டுப் பழைய படகைச் செம்மையாகப் பொருத்தினால் அளவு பார்க்காமல் இறக்கிய புதுப் படகை அது முந்தும். குறைந்தபட்ச எடை விதி இருப்பதால் பணத்தைக் கொட்டி 14 கிலோவுக்குக் கீழே இறங்கவும் முடியாது. எந்த விளையாட்டிலும் வசதியில்லாதவருக்கு விட்டுவைக்கப்பட்ட இடம் ஒன்று இருக்கும். இங்கே அது சென்டிமீட்டர்களில் இருக்கிறது.

மூன்றாவது, இது வெள்ளைக்காரன் விட்டுப்போன பொழுதுபோக்கு, நமக்கென்று படகுகள் இல்லையா என்ற கேள்வி. இருக்கின்றன, அழகானவையும்கூட. வங்காளத்தின் நௌகா பைச் போட்டியில் நீண்ட மரப்படகில் வரிசையாக உட்கார்ந்து பாட்டின் தாளத்துக்கு இழுக்கிறார்கள்; கேரளத்தின் சுண்டன் வள்ளத்தில் நூறு பேருக்கு மேல். அங்கே துடுப்பு கையில் சுதந்திரமாக இருக்கிறது, படகோடு கட்டப்படவில்லை. ஆகவே பொருத்தம் முழுவதும் தாளத்திலும் பாட்டிலும் நடக்கிறது, திருத்தப்படுவது மனிதக் கூட்டம். ஸ்கல் படகில் துடுப்பு கேட்டில் பூட்டப்பட்டிருக்கிறது, திருத்தப்படுவது கருவிக்கும் உடம்புக்கும் உள்ள உறவு. வாய்ப்பாட்டு வேறு, வீணை வேறு என்பதுபோல. ஒன்றை ரசிக்க மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. மேலும் இந்தக் கலை இங்கே வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1864இல் கொழும்பு ரோயிங் கிளப், 1867இல் அடையாற்றங்கரையின் மெட்ராஸ் போட் கிளப். இந்த இரண்டுக்கும் இடையிலான போட்டி 1898இல் தொடங்கியது. கொல்கத்தா, சென்னை, கொழும்பு கிளப்புகள் கிழக்கத்திய அமெச்சூர் ரோயிங் சங்கத்தின் போட்டிகளில் இன்றும் சந்திக்கின்றன. பெயிரா ஏரியில் பழகியவரும் அடையாற்றில் பழகியவரும் டாக்குரியாவில் இறங்கும்போது மூவரும் பேசுவது ஒரே மொழி: 'இன்போர்டு எவ்வளவு வைத்திருக்கிறாய்?'

இந்த ஏரிக்கென்று சில குணங்கள் உண்டு, நல்ல ரிக்கிங் அவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இங்கே 2000 மீட்டர் நேர்க்கோடு கிடையாது; குறுகிய தூரங்களில்தான் மோத முடியும். அதற்குப் பாரம் சற்று லேசாக இருந்தால் புறப்பாடு துள்ளலாக வரும். எதிர்க்காற்று அடித்தால் துடுப்பின் காலருக்கும் கேட்டுக்கும் நடுவே கிளாம் என்ற பிளாஸ்டிக் கவ்வியை மாட்டுவார்கள். கைப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் கூடி, பாரம் இளகும். நீரின் வெப்பமும் ஒரு சங்கதி. 10 டிகிரி நீரைவிட 30 டிகிரி நீரின் பிசுக்கு கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைவு. உராய்வும் அதற்கேற்பச் சற்று குறைகிறது. ஒரே படகு, ஒரே ஆள், ஆனால் வங்காளத்துக் கோடையில் இங்கிலாந்தின் குளிர்காலத்தைவிடக் கொஞ்சம் வழுக்கி ஓடும். அந்தக் கோடையே ஏரியின் மட்டத்தையும் இறக்குகிறது. ஆழம் குறைந்தால் படகு எழுப்பும் அலை தரையைத் தொட்டு இழுவையாகத் திரும்பும். சர்வதேசத் தடங்களில் குறைந்தது 3 மீட்டர் ஆழம் கேட்பது இதனால்தான்.

கோடை இன்னொன்றையும் கொண்டுவருகிறது. சித்திரை, வைகாசி மாலைகளில் வடமேற்கிலிருந்து எழும் கால்பைசாகிப் புயல் சில நிமிடங்களில் ஏரியைக் கொந்தளிக்க வைக்கும். 2022 மே 21 மாலை அப்படியொரு புயலில் பயிற்சிப் படகு கவிழ்ந்து பள்ளி மாணவர் இருவர் இந்த நீரில் உயிரிழந்தார்கள். இவ்வளவு ஒல்லியான, இவ்வளவு எளிதில் கவிழும் படகைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுக் கலை என்று பேசலாமா என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு முன் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும். படகை ஓட்டுபவருக்குப் பொருத்துவது என்றால் வானத்துக்கும் பொருத்துவதுதான். வடமேற்கில் கறுத்தால் படகு இறங்கக் கூடாது. மீட்புப் படகு பெயருக்கு இல்லாமல் நீரில் தயாராக நிற்க வேண்டும். நீந்தத் தெரியாதவர் ஏறக் கூடாது. பழகும் கைகளுக்கு அகலமான படகு வேண்டும். பிட்ச்சை டிகிரி கணக்கில் அளப்பவர்கள் இதையும் அதே கறாரோடு அளக்காவிட்டால் அவர்களுடைய நுட்பத்துக்கு மரியாதை கிடையாது.

காற்றில்லாத காலையில் கரையில் நிற்பவர்கள் முடிவுக்கோட்டை விட்டுத் தள்ளி, பாதித் தூரத்தில் நிற்பது நல்லது. கடைசியில் எல்லோரும் களைத்து, எல்லாப் படகும் குலைந்துவிடும். பொருத்தம் நடுவில்தான் தெரியும். முதலில் துடுப்பு விட்டுச் செல்லும் சுழிகளைப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக, இறுக்கமாக, நுரை குறைவாகக் கிடக்கின்றனவா? ஒரு பக்கம் நுரைத்து மறுபக்கம் ஆழ்ந்திருந்தால் எங்கோ ஒரு பிளாஸ்டிக் துண்டு தப்பான எண்ணில் நிற்கிறது. இழுப்புக்கு இழுப்பு சுழிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று கண்ணால் அளக்கலாம். படகின் பின்முனை ஒவ்வொரு முறையும் நீருக்குள் குத்தி இறங்குகிறதா, ஒரே மட்டத்தில் போகிறதா? பிறகு கண்ணை மூடிக் காது கொடுக்கலாம். துடுப்புகள் வெளியே வந்து, ஓட்டுபவர் நழுவி வரும் அந்தச் சில கணங்களில், நன்றாகப் பொருந்திய படகின் அடியில் நீர்க்குமிழிகள் ஓடும் சத்தம் கேட்கும். அடுப்பில் பால் பொங்கி வருவதற்குச் சற்று முன்னால் கேட்குமே, அப்படியொரு சன்னமான சலசலப்பு. கேட்கள் ஒரே நேரத்தில் தட்டும் ஓசை வந்ததும் அது அறுபடுகிறது. மறுபடி தொடங்குகிறது.